இடப்பக்கம் மினுங்கும் கண்

படத்தின் பெயர் மடுவன்.
மொத்தச் செலவு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்,
அதில் நாற்பது நஸ்மியின் ராத்தாவுடைய சீட்டுக்காசு.
மடுவன் நான்தான்.

உடம்பு பதினெட்டு யூரியா பை,
இரண்டு உழவு இயந்திர டியூப்,
தும்பு, கிழிந்த வலை, ஒரு எருமைக் கொம்பு.
மற்றக் கொம்பு கிடைக்கவில்லை.
கண்ணுக்கு என் மோட்டார் சைக்கிளின்
இடப்பக்கச் சிக்னல் விளக்கு.
வலது கண்ணுக்கு வயர் எட்டவில்லை.

புரட்டாதியில் உன்னிச்சைக் குளம் வற்ற
பட்ட மரங்கள் இடுப்புத் தெரிய நிற்கும்.
அதற்குள்ளிருந்து நான் எழும்ப வேண்டும்.
முதுகில் சிப். உள்ளே வேர்வையும்
யூரியாவின் பழைய எரிச்சலும்.
நஸ்மி கலியாண வீடுகளில் கமரா பழகியவன்.
தொடங்கு என்று சொல்ல வராது,
"கொஞ்சம் சிரியுங்கோ" என்பான்.
நான் உறுமுவேன்.

சோதனைச் சாவடியில் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்கள்.
தலை வெளியே வந்ததும்
இரண்டு சிப்பாய்கள் பின்வாங்கினார்கள்.
மூன்றாமவன் அதைப் போட்டுக்கொண்டு
போனில் படம் எடுத்தான்.
பதிவேட்டில் அவர்கள் எழுதியதை
நஸ்மி எட்டி வாசித்துச் சொன்னான்:
பேய் ஒன்று. உயிர் இல்லை.

லைட் பிடித்தவர் பேரின்பம் அண்ணன்.
எப்போதும் எங்களுக்கு முன்னால் நடப்பார்.
"இதால வேணாம் மனே" என்பார்,
ஏன் என்று சொல்லமாட்டார்.
அந்தப் பக்கம் நல்லதொரு காட்சி இருந்தது,
பாலை மரம், பாறை, பாறைக்கு மேல் நிலா.
ஒருவரும் கேட்கவில்லை.
படத்தில் அந்தப் பக்கம் இல்லை.

கடைசி இரவு யானை வந்தது.
வெடி கொளுத்த நெருப்புப்பெட்டி தேடினார்கள்,
பிறகு தேடாமல் ஓடினார்கள், கமராவோடு.
யூரியா பைக்கு ஓடத் தெரியாது.
நான் நின்றேன்.
சுவிச் முதுகில், கை எட்டாது.
மினுக்.
மினுக்.
யானை பார்த்துக்கொண்டு நின்றது.
இடப்பக்கம் திரும்பப் போகிறவனுக்கு
வழி விடுவது மாதிரி
மெல்ல ஒதுங்கித்
தண்ணீருக்குப் போனது.
எவ்வளவு சத்தமாகக் குடித்தது தெரியுமா.
படத்தில் இதுவும் இல்லை.

முதல் நாள் பதினொரு பேர் பார்த்தார்கள்,
நாலு பேர் எங்கள் ஆட்கள்.
பிறகு வந்தாறுமூலைக் கம்பஸ் பெடியன்கள்
விடுதியில் போட்டுப் பார்த்தார்களாம்.
என்ன நடந்ததோ,
இப்போது போயா தினமென்றால்
மண்டபம் வாடகைக்கு எடுத்து
யூரியா பை போர்த்திக்கொண்டு வருகிறார்கள்.
கண் மினுங்கினால்
"மடுவன் லெப்ட் போடுறான்!" என்று கத்துவார்கள்.
நான் வலப்பக்கம் பாய்வேன். விசில் பறக்கும்.

நாற்பத்தோராவது நிமிடம் மட்டும் சத்தமில்லை.
கார்டில் அழிக்க மறந்து,
நித்திரை வெறியில் நஸ்மி வெட்டி ஒட்டிய துண்டு:
களுவாஞ்சிகுடி மணப்பெண் ஒருத்தி
அரை விநாடி நிமிர்ந்து பார்க்கிறாள்.
மடுவனின் போன பிறவி என்கிறார்கள்.
பதினாறு பக்கம் எழுதிவிட்டான் ஒருவன்.
"ஓம், யோசிச்சுத்தான் வெச்ச" என்கிறான் நஸ்மி.

போன மாதம் அவளே வந்திருந்தாள்.
தனியாக, கடைசி வரிசையில், என் பக்கத்துக் கதிரையில்.
தன் முகம் வந்து போனதும்
மண்டபத்தின் அமைதியைத் திரும்பிப் பார்த்தாள்.
வெட்டிவிடவா என்று கேட்டான் நஸ்மி.
"கிடக்கட்டும். எங்கட வீடியோ மூண்டு மணித்தியாலம்.
அதில ஒரு இடத்திலயும் நான் இப்பிடிப் பாக்கல்ல."
மடுவன் யாரென்றும் விசாரித்தாள்.
நஸ்மி என்னைக் காட்டினான். நம்பவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்
கல்லடிப் பாலத்தடியில் பொலிஸ் மறித்தது.
"இடப்பக்கச் சிக்னல் எங்க?"
"காட்டுக்குள்ள, சேர்."
எழுதினான்.
துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்,
கையை நீட்டி
இடப்பக்கமே திரும்பினேன்.